கும்பகோணத்துல மூணு ராத்திரி, எந்தப் பக்கம் ரூம் போடுறது?

பனியன்_கம்பெனி:
வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து தை மாசக் கடைசியில கும்பகோணம் வர்றதா பிளான். நாலு பேரு. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி, ஆனா நவக்கிரக கோயில் ஒன்பதும் பாத்தே ஆகணும்னு ரெண்டு வருசமா சொல்லிட்டு இருக்காங்க. வீட்டுக்காரம்மாவுக்கு திருபுவனத்துல பட்டு எடுக்கணும். பையனுக்கு 11 வயசு, கோயில்னு சொன்னாலே செல்போனைத் தேடுவான். எனக்கு எதுவுமே வேண்டாமுங்க, காலைல ஒரு நல்ல காபி குடிச்சுட்டு தெருத்தெருவா சும்மா நடந்து சுத்தணும், அவ்வளவுதான். காரு எடுத்துட்டு வரலை, ஜன் சதாப்தி ட்ரெயின்ல வர்றோம்.

பிரச்சனை என்னன்னா ரூம். ஒருத்தர் ஸ்டேஷன் பக்கம் போடுங்கறாரு, ஒருத்தர் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான் வசதிங்கறாரு, மச்சான் ஒருத்தன் சுவாமிமலை பக்கம் ஓட்டு வீடு மாதிரி ரிசார்ட் இருக்கு அதுல தங்குனாத்தான் டூர் போன மாதிரி இருக்கும்னு லிங்க் லிங்கா அனுப்பிட்டே இருக்கான். ஆன்லைன்ல பாத்தா எல்லாத்துக்கும் நாலு ஸ்டார், எல்லாத்துலயும் அதே வெள்ளை பெட்ஷீட் போட்டோ. ஊர்க்காரங்க யாராச்சும் இருந்தா எந்தப் பக்கம் எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க. பட்ஜெட் நடுத்தரம். லிப்ட் இருக்கணும், அது மட்டும் கண்டிப்பா.

அரசலாறு:
தம்பி, நான் கும்பகோணம்தான், பொறந்ததுல இருந்து. எல்லாரும் உங்ககிட்ட "ஸ்டேஷன் கிட்டவா, பஸ் ஸ்டாண்ட் கிட்டவா"ன்னு கேட்டிருப்பாங்க, அது இந்த ஊருக்கு சரியான கேள்வியே இல்லை. இந்த ஊர்ல ரூம் போடுறவன் யோசிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் நீங்க எங்க இருக்கப் போறீங்க?

ஏன் சொல்றேன்னா பன்னெண்டு, பன்னெண்டரைக்கெல்லாம் கோயில் நடை சாத்திடுவாங்க, திரும்ப நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. டெல்டா பூராவும் அப்படித்தான். வெளியூர்லேர்ந்து வர்றவங்க இதை ஒரு விசயமாவே எடுத்துக்கறது இல்லை. பதினொன்னரைக்கு ஒரு கோயில்ல நுழைஞ்சு அரக்கப் பரக்க பாத்துட்டு, வெளில வந்து சாப்பிட்டுட்டு, அப்புறம் மூணு மணி நேரம் பூட்டின கோயில் வாசல்ல செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நான் எத்தனை குடும்பத்தைப் பாத்திருக்கேன், குழந்தை அழுவும், பாட்டிக்கு கால் வீங்கியிருக்கும், புருசன் பொண்டாட்டி பேசிக்க மாட்டாங்க. அந்த நாலு மணி நேரத்துல ரூமுக்கு வந்து ஃபேனைப் போட்டுப் படுக்க முடிஞ்சா உங்களுக்கு ஒரு நாள் ரெண்டு நாளா ஆயிடும். முடியலைன்னா சாயங்காலம் எந்த சாமியைப் பாத்தாலும் எரிச்சலாத்தான் வரும்.

நீங்க வர்ற ஜன் சதாப்தி எங்க ஊருக்கு மதியம் ஒரு மணி வாக்குல வரும். அதாவது கரெக்டா எல்லாம் மூடின நேரத்துக்கு. அதனால முதல்ல போன் பண்ணிக் கேளுங்க, 24 மணி நேர செக் அவுட்டா, இல்லை பன்னெண்டு மணி செக் அவுட்டான்னு. பழைய லாட்ஜ் நிறைய 24 மணி நேர கணக்குதான், உங்களுக்கு அதுதான் லாபம், ஒரு மணிக்கு நுழைஞ்சா ஒரு மணிக்கு காலி பண்ணலாம், திரும்பிப் போற ட்ரெயினும் மதியத்துக்கு மேலதான்.

இப்ப ஏரியா. உங்களுக்கு நடந்து சுத்தணும்னா கும்பேஸ்வரன் கோயிலுக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் நடுவுல எங்கயாவது போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல பொற்றாமரைக் குளம். கும்பேஸ்வரன் கோயிலுக்குள்ள போற வழியே கூரை போட்ட கடைத்தெரு மாதிரி நீளமா இருக்கும், ரெண்டு பக்கமும் குங்குமம், பித்தளை, மரச்சொப்பு. அங்கேர்ந்து ராமசாமி கோயில், இந்தப் பக்கம் நாகேஸ்வரன், வடக்கால சக்கரபாணி, எல்லாமே நடைதான், ஆட்டோவே வேண்டாம். ராமசாமி கோயில் பிராகாரத்துல ராமாயணம் பூரா சுவத்துல ஓவியமா இருக்கு, உங்க பையன் காமிக்ஸ் படிக்கறவனா இருந்தா அதையே கதையா காட்டலாம்.

ஸ்டேஷன் பக்கம், மகாமகக் குளம் பக்கம் கொஞ்சம் அகலமான ரோடு, ஆட்டோ ராத்திரியிலயும் கிடைக்கும், லிப்ட் வெச்ச புது ஹோட்டல் கிடைக்கறதும் அந்தப் பக்கம்தான் சுலபம். குளத்தைச் சுத்தி பதினாறு மண்டபம், சாயங்காலம் படியில உக்காந்தா காத்து வரும். நடுத்தரமான முடிவு வேணும்னா இதுதான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு ஓடறவங்களுக்கு, ஹாரன் சத்தத்துல தூங்கப் பழகினவங்களுக்கு.

அப்புறம் "ரிவர் வியூ"ன்னு போட்டு எதாவது வந்தா ஏமாந்துடாதீங்க. மேட்டூரை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடறதுதான் கணக்கு. நீங்க வர்ற நேரத்துக்கு காவேரியில மணல் வியூதான்.

ஸ்டியரிங்_சாமி:
சார் நான் இங்க இருபது வருசமா டாக்சி ஓட்டறேன், அரசலாறு அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் நவக்கிரகம் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுலதான் நிறைய பேரு மாட்டிக்கறாங்க.

ஒன்பதையும் ஒரே நாள்ல பாக்கலாம், முடியாதுன்னு சொல்லலை, அரசு பஸ்ஸே வார கடைசியில கும்பகோணத்துலேர்ந்து அப்படி ஒரு ட்ரிப் விடுது. விடியக்காலைல ஏறினா ராத்திரிதான் இறங்கணும். ஆனா முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிட்டு அப்படிப் பண்ணாதீங்க. ரெண்டா பிரிங்க. கிட்ட இருக்கறது அஞ்சு, திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர். தூரத்துல நாலு, வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. அது நாலும் மாயவரத்துக்கு அந்தாண்ட, கடல் பக்கம்.

கிட்ட உள்ள அஞ்சுக்கு காலைல அஞ்சரைக்கு கிளம்புனா திங்களூர், ஆலங்குடி, பதினோரு மணிக்குள்ள திருநாகேஸ்வரம், ரூமுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துடலாம். நாலு மணிக்கு திருப்பி கிளம்பி முதல்ல திருமங்கலக்குடி, அதைப் பாத்துட்டுத்தான் சூரியனார் கோயில் போகணும்னு ஐதீகம், நிறைய பேருக்குத் தெரியாது, அங்கேர்ந்து கஞ்சனூர் பக்கம்தான். ஏழரைக்கு ரூம். இந்தக் கணக்குக்கு நீங்க கும்பகோணத்துக்குள்ள எங்க தங்கினாலும் சரி, ஆனா வண்டி வாசல் வரைக்கும் வரணும். சாரங்கபாணி பக்கத்து சந்துல சில லாட்ஜுக்கு வண்டி போகாது, தெரு முனையில இறங்கி பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும். அம்மாவுக்காக அதைக் கேட்டுக்கோங்க.

தூரத்து நாலுக்கு போற அன்னிக்கு மத்தியானம் ரூமுக்குத் திரும்ப முடியாது, அம்பது கிலோமீட்டர் போயிட்டு எங்க திரும்பறது. நான் என்ன பண்ணுவேன்னா காலைல வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூணையும் பன்னெண்டுக்குள்ள முடிச்சுட்டு கடற்கரை ரோட்டுல நேரா தரங்கம்பாடி விட்டுடுவேன். 1620ல டேனிஷ்காரன் கட்டின கோட்டை, முன்னாடியே கடல். பசங்க அங்க இறங்கினா திரும்ப வண்டியில ஏத்தறதுதான் கஷ்டம். நாலு மணிக்கு மேல திருநள்ளாறு. அதுவும் முடியாதுன்னா ஒரு ராத்திரியை மாயவரத்துல போட்டுடுங்க, மூணு நாளும் ஒரே ஊர்லதான் தங்கணும்னு யாரு சொன்னா.

கிழமையும் பாருங்க சார். வியாழன் ஆலங்குடி, வெள்ளி கஞ்சனூர், சனி திருநள்ளாறு, செவ்வாய் வைத்தீஸ்வரன், அந்தந்த கிரகத்துக்கு அந்தந்த நாள் கூட்டம் அம்மும். திருநாகேஸ்வரத்துல ஞாயித்துக்கிழமை நாலரைல இருந்து ஆறு ராகு காலம், பால் அபிசேகம் பாக்க ஜனம் நிக்கும். அம்மாவுக்கு அதே நாள்தான் வேணும்னா சரி, இல்லைன்னா மாத்திப் போடுங்க, நின்னே பாதி முட்டி போயிடும்.

பித்தளை_டவரா:
நான் ஊர்க்காரி இல்லை, பாண்டிச்சேரி. ஆனா தனியா நாலு தடவை கும்பகோணம் வந்து தங்கியிருக்கேன், அதனால ஒரு பொம்பளையா தனியா தங்கறவங்க கண்ணுல எப்படி இருக்கும்னும் இதுல பதிவாகட்டும்.

முதல் தடவை மகாமகக் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஹோட்டல், பேரு வேண்டாம். ரூம் சுத்தம், லிப்ட் இருக்கு, விலையும் கம்மி, ஏன் கம்மின்னு ராத்திரி நாலு மணிக்குத்தான் தெரிஞ்சுது. என் ஜன்னலுக்கு நேர் பின்னாடி கல்யாண மண்டபம். நாலு மணிக்கு நாயனமும் தவிலும், அது கூட பரவாயில்லை, நல்லாவே வாசிச்சாரு, அஞ்சு மணிக்கு அவங்க நிறுத்தினதும் ஸ்பீக்கர்ல சினிமா பாட்டு. தலைகாணியை காதுல அமுக்கிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கலை, ஜன்னலைத் திறந்து பாத்தா கீழ சமையல்கட்டு, பெரிய அண்டாவுல பால் பொங்குது, சமையல்காரர் ஒருத்தர் என்னைப் பாத்துட்டு "என்னம்மா, தூக்கம் போச்சா, கீழ வாம்மா காபி தர்றேன்"னாரு. போனேன். டவராவுல ஆத்தாம அப்படியே குடுத்தாரு, நாக்கு வெந்துபோச்சு, ஆனா இந்த நாலு ட்ரிப்லயும் அதுதான் பெஸ்ட் காபி. நிற்க.

நீங்க வர்றது தை மாசம், முகூர்த்த மாசம். பஞ்சாங்கத்தை எடுத்து முகூர்த்த நாள் பாத்துட்டு ரூம் போடுங்க. அந்த நாள்ல கல்யாண வீட்டுக்காரங்க மொத்தமா மாடி மாடியா எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கறது நான் தங்கின மாதிரி ரூம்தான். போன்ல நான் இப்ப கேக்கறது மூணே கேள்வி, பின்னாடி மண்டபம் இருக்கா, ரூம் தெருவைப் பாத்தா இல்லை உள்பக்கமா, லிப்ட் ஜெனரேட்டர்ல ஓடுமா. மூணாவது கேள்விக்குத்தான் நிறைய பேரு தடுமாறுவாங்க.

அதுக்கப்புறம் ஒரு தடவை தவிர மத்த தடவையெல்லாம் சாரங்கபாணி கிழக்கு கோபுரத்தைப் பாத்த மாதிரிதான் தங்கறேன். வசதி கம்மிதான், லிப்ட் கிடையாது, ஆனா அஞ்சரைக்கு வெளில வந்தா சாணி தெளிச்ச தெரு, கோலம் போடற அக்காங்க, பால் சொம்பு, நடந்தா நாலு நிமிசத்துல பொற்றாமரைக் குளத்தங்கரை. ராத்திரி ஒன்பது மணிக்கு தனியா நடந்து வந்தாலும் பயமா இல்லை, பூக்கடைக்காரங்க விழிச்சுட்டுத்தான் இருப்பாங்க. அந்த ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்கினப்ப இந்த நிம்மதி இல்லை, ஆபத்துன்னு ஒண்ணும் நடக்கலை, ஆனா லிப்ட்ல கூட ஏறுறவங்க பார்வையே வேற.

அந்த சாரங்கபாணி சன்னதித் தெருவுலதான் கணக்கு மேதை ராமானுஜன் வீடு. உங்க ஈரோட்டுல 1887ல பொறந்து இங்க வளந்தவர். ஒடுங்கின வீடு, உள்ள ஜன்னலோரமா ஒரு கட்டில். பத்து நிமிசத்துல பாத்து முடிச்சுடலாம், பையனை அந்த ஜன்னல் கிட்ட நிக்க வெச்சுப் பாருங்க.

வெண்ணாத்தங்கரை:
எல்லாரும் கும்பகோணம் கும்பகோணம்னே பேசறீங்களே, ட்ரெயின் அதுக்கு முன்னாடி தஞ்சாவூர்ல நிக்குதே, அது யாருக்கும் கண்ணுல படலையா 😀 ஒரு ராத்திரியாவது இங்க இறங்குங்க. பெரிய கோயிலை ஒரு தடவை பாக்கறது பாக்கறதே இல்லை, சாயங்காலம் வெயில் சாயறப்ப விமானம் தேன் கலர்ல மாறும், அதை ஒரு தடவை, மறுநாள் காலைல ஆறு மணிக்கு கூட்டமே இல்லாம ஒரு தடவை. அதுக்கு கோயிலுக்கு நடந்து போற தூரத்துல தங்கணும், அதாவது ஸ்டேஷன், காந்திஜி ரோடு, பழைய பஸ் ஸ்டாண்ட், இந்த வட்டத்துக்குள்ள. மெடிக்கல் காலேஜ் ரோடு அமைதியா இருக்கும், மரம் இருக்கும், ஆனா கார் வெச்சிருக்கறவனுக்கு. புது பஸ் ஸ்டாண்ட் கிட்ட மலிவா கிடைக்குதேன்னு போட்டுடாதீங்க, அது ஊருக்கு வெளில, ஒவ்வொரு தடவையும் டவுன் பஸ் இல்லைன்னா ஆட்டோ. அம்மாவுக்கு சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துட்டு வாங்க, பெரிய கோயில் கல்தரை பத்து மணிக்கு மேல தோசைக்கல்.

அரசலாறு:
வெண்ணாத்தங்கரை அண்ணே, தஞ்சாவூர் ரூம்ல படுத்துக்கிட்டு தினம் நாப்பது கிலோமீட்டர் வந்து எங்க ஊர் கோயிலைப் பாக்கச் சொல்றீங்களா? 😄 கோவிச்சுக்காதீங்க, அரண்மனை, சரசுவதி மகால், செப்புச்சிலை, இதெல்லாம் பாக்கறவனுக்கு தஞ்சாவூர்தான், ஒத்துக்கறேன். இவங்க அம்மா கையில இருக்கற லிஸ்ட்டு அப்படி இல்லையே.

பனியன்_கம்பெனி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பன்னெண்டு டு நாலு விசயம் சத்தியமா எனக்குத் தெரியாதுங்க, நான் போட்ட பிளான்ல சுவாமிமலை ரெண்டு மணின்னு எழுதி வெச்சிருந்தேன். மச்சான் சொல்ற ரிசார்ட் பத்தி யாரும் சொல்லலையே?

ஸ்டியரிங்_சாமி:
ரிசார்ட் நல்லாத்தான் சார் இருக்கும், தோப்பு, திண்ணை, ஊஞ்சல் எல்லாம் இருக்கும். ஆனா அது ரிசார்ட்டுக்கே வர்றவங்களுக்கு. புதுசா கல்யாணம் ஆனவங்க, வெளிநாட்டுக்காரங்க, ரெண்டு நாள் எங்கயும் போகாம படுத்துக் கிடக்கணும்னு வர்றவங்க. உங்களுக்கு ஒரு காபி குடிக்க தெருவுக்கு வரணும்னா வண்டி வேணும், எனக்கு வருமானம், உங்களுக்கு நஷ்டம். ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளில ஒரு கடை இருக்காது. ஆனா சுவாமிமலைக்கு ஒரு காலைப்பொழுது கண்டிப்பா போங்க, கோயிலுக்கு மட்டும் இல்லை (அறுபது படி, அம்மாவை நிதானமா ஏத்துங்க), பஞ்சலோக சிலை வார்க்கற பட்டறைக்கு. கேட்டா உள்ள விடுவாங்க. தென்னை ஓலையை நறுக்கா கிழிச்சு சிலை உயரத்துக்கு வெட்டி, அதை மடிச்சு மடிச்சுத்தான் முகத்துக்கு இவ்வளவு, இடுப்புக்கு இவ்வளவுன்னு அளவு எடுப்பாங்க, ஸ்கேல் கிடையாது. மெழுகுல பொம்மை பண்ணி மேல காவேரி வண்டலைப் பூசி காய வெச்சு, சூடு காட்டி மெழுகை வடிச்சுட்டு அந்த ஓட்டைக்குள்ள உலோகத்தைக் காய்ச்சி ஊத்துவாங்க. செல்போன் நோண்டற பையனா இருந்தாலும் அங்க வாயைப் பிளப்பான்.

பித்தளை_டவரா:
பட்டு எடுக்கப் போறதையும் அந்த மத்தியான நேரத்துல வெச்சுக்கோங்க, திருபுவனம் பக்கம்தான், கடைக்கு நடை சாத்தறது கிடையாது. வீட்டுக்காரம்மா மூணு மணி நேரம் எடுத்துக்கிட்டாலும் யாரும் கடிகாரம் பாக்க மாட்டீங்க.

பனியன்_கம்பெனி:
போயிட்டு வந்துட்டோமுங்க, சொல்லாம விட்டா நல்லா இருக்காதுன்னு எழுதறேன். கடைசியில மகாமகக் குளம் பக்கம்தான் போட்டோம், லிப்ட் இருந்துச்சு, 24 மணி நேர செக் அவுட், பின்னாடி மண்டபம் இல்லை (கேட்டேன், போன் எடுத்தவர் சிரிச்சாரு). சாரங்கபாணி பக்கம்தான் ஆசை, ஆனா அங்க லிப்ட் வெச்சது எதுவும் அகப்படலை. பரவாயில்லீங்க, காலைல நான் மட்டும் நடந்தே போயிடுவேன், கால் மணி நேரம், காபியைக் குடிச்சுட்டு பொற்றாமரை படியில ஒரு சுத்து உக்காந்துட்டு எட்டு மணிக்கு திரும்பினா இவங்க அப்பத்தான் குளிச்சுட்டு இருப்பாங்க.

கிட்ட அஞ்சும் சாமி அண்ணன் சொன்ன மாதிரியே நடந்துச்சு, மத்தியானம் அம்மா ரெண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினாங்க. அடுத்த நாள் தூரத்து நாலு. மூணு முடிச்சுட்டு தரங்கம்பாடியில அம்மா கடலைப் பாத்த மாதிரி கோட்டை நிழல்ல உக்காந்தவங்க, நாலு மணிக்கு "சனீஸ்வரன் எங்க போயிடப் போறாரு, அடுத்த வருசம் பாத்துக்கலாம், இங்கயே கொஞ்ச நேரம் இருடா"ன்னுட்டாங்க. ரெண்டு வருசமா ஒன்பதுன்னு உசுரை எடுத்தவங்க எட்டோட நிறுத்திட்டாங்க. ராத்திரி ரூமுக்கு வந்து அவங்களே வருத்தப்பட்டாங்க, அது வேற விசயம்.

பையன் பட்டறையில கேட்டு வாங்கின தென்னை ஓலைத் துண்டு ஒண்ணை வெச்சுக்கிட்டு இப்ப வீட்டுல எல்லாரு மூஞ்சியையும் அளந்துட்டு இருக்கான். அவன் கணக்குப்படி எனக்கு நெத்தி ரொம்ப பெருசாம்.

அரசலாறு:
அம்மாவை அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க தம்பி, சனிக்கிழமை மட்டும் வேண்டாம். 2028 மாசிக்கு மகாமகம் வேற இருக்கு, அதுக்கு ரூம் எந்த ஏரியான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, 2016ல எங்க வீட்டு மாடியில முப்பத்தியோரு பேரு படுத்திருந்தாங்க, அதுல பாதி பேரு யாரு வீட்டு சொந்தம்னே இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குப் பிடிபடலை.